கூட்டத்தில் சிரிக்காதவன்

போன வாரம் ஒரு கல்யாண ரிசப்ஷனில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

பந்தியில் பக்கத்து இலைக்காரர் ஒரு ஐ.டி. இளைஞர். இந்தப் பத்தியைத் தவறாமல் படிப்பவராம். சந்தோஷம்தான். ஆனால் ரசம் வருவதற்குள் கேட்டுவிட்டார் — "சார், அந்த ஹாலிவுட் காமெடி டைரக்டரை நீங்க தலைமேல தூக்கி வெச்சுக்கிட்டு எழுதுவீங்களே... அவரோட பெஸ்ட் படம் அஞ்சு சொல்லுங்க. வீக்கெண்ட்ல உட்கார்ந்து பார்த்துடறேன்."

அஞ்சு என்ன, பதினைந்தே சொல்லலாம். அந்த மனிதர் தொடாத சரக்கு கிடையாது. பேய்ப் படமா? செத்துப்போன இன்சூரன்ஸ் ஏஜெண்ட் தன் வீட்டுக்கே வந்து தன் மனைவியிடமே பாலிசி விற்கப் பார்க்கிற கதை. யுத்தப் படமா? எதிரெதிர் முகாம்களின் சமையல்காரர்கள் இரண்டு பேர், உப்பு தீர்ந்துபோய் ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டி நண்பர்களாகிற கதை. பாட்டும் கூத்துமாக ஒரு டாக்ஸி ஸ்டாண்டு படம். கல்யாண கோஷ்டி மொத்தமும் லிஃப்டுக்குள் மாட்டிக்கொள்கிற படம் ஒன்று. இதெல்லாம் ஒரே ஆள் எடுத்தது என்று சொன்னால் நம்பவே முடியாது.

ஒரு படத்தில் செய்ததை அடுத்த படத்தில் செய்யமாட்டார். ஒன்றே ஒன்றைத் தவிர. எந்தக் கதையானாலும் எங்கேயாவது ஒரு பெரிய கூட்டக் காட்சி வைத்துவிடுவார். கதாநாயகன் அசட்டுத்தனமாக எதையாவது செய்ய, தெருவே திரண்டு நின்று சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு சிரிப்பு வைத்திருப்பார் மனிதர். அதுதான் அவருடைய கையெழுத்து என்று விமர்சகர்கள் எழுதுவார்கள்.

இளைஞரிடம் இதையெல்லாம் சொன்னேனா? இல்லை. "மறந்துபோச்சுப்பா" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தில் கவனமானேன். இங்கேயும் அந்த டைரக்டர் பெயரையோ படங்களின் பெயரையோ சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்கள் தேடி எடுத்து, கூட்டத்தின் இடது ஓரத்தைப் பார்ப்பீர்கள். வேண்டாம்.

அந்த இடது ஓரத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

எண்பதுகளின் கடைசி. லண்டனின் மேற்கே, ஹவுன்ஸ்லோ. ஓர் இன்ஜினியரிங் கம்பெனியில் டிராயிங் போடுகிற வேலை எனக்கு. யாழ்ப்பாணத்துத் தம்பதி ஒன்றின் வீட்டில் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. வாடகைக்கு வந்தவன் இரண்டே மாதத்தில் வீட்டுப் பிள்ளை மாதிரி ஆகிவிட்டேன். அவர்கள் சோறு போடுகிற விதம் அப்படி.

சிவபாதம் அண்ணைக்கு ஏர்போர்ட்டில் வேலை. விமானங்களுக்குப் போகிற சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்குகிற இடத்தில் ஷிப்ட். ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். எதையும் கூட்டிக் கழித்துப் பார்த்துத்தான் நம்புவார். பரமேஸ் அக்கா வீட்டிலேயே தையல் வேலை செய்தார். அவர் எதை நம்பவும் கணக்குப் பார்க்கமாட்டார்.

வீடு விமானங்கள் இறங்குகிற பாதைக்கு நேர் கீழே. ஒவ்வொன்றும் கூரையை உரசுகிற மாதிரிப் போகும். அப்போது கண்ணாடி அலமாரியில் கிளாஸ்கள் கிணுகிணுக்கும். டி.வி. படம் ஒரு தடவை நடுங்கி அடங்கும். பேச்சைப் பாதியில் நிறுத்தி, விமானம் போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். பழகிவிட்டது.

அவர்களுக்கு ஒரே மகன், சுதன். இருபத்திரண்டு வயது. இவர்கள் லண்டனுக்கு வந்த பிறகு, ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரன் ஒருவன் மூலமாகக் கொழும்பிலிருந்து கிளம்பியவன். ஐரோப்பாவில் ஏதோ ஓர் ஊரிலிருந்து ஒரு போன் வந்தது. "அம்மா, இன்னும் ரெண்டு மூண்டு நாளில ஏத்திவிடுவினமாம்." அவ்வளவுதான். பிறகு இரண்டு வருஷமாக ஒன்றுமே இல்லை.

எங்கே என்று கேட்டால் ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு தடவையும் ஒரு நாடு சொன்னான். கடைசியாக, ஒரு செட் அமெரிக்கா பக்கம் போனது, அதோடு போயிருப்பான் என்றான். அதற்குப் பிறகு அவனையும் காணவில்லை.

அந்த வீட்டில் ஒரு சட்டம் உண்டு. அழுகைப் படம் வரக்கூடாது. நம் தமிழ்ப் படங்களில் எதைப் போட்டாலும் ஓர் அம்மா, ஒரு மகன், ஒரு பிரிவு... அக்கா அன்றைக்குச் சாப்பிடமாட்டார். ஆகவே அண்ணை ஒரு நாள் முடிவெடுத்தார். "இனி இஞ்சை சிரிப்புப் படம் மட்டும்தான். இங்கிலீசெண்டாலும் பறவாயில்லை. தம்பி கதை சொல்லுவார்."

இப்படித்தான் நான் மொழிபெயர்ப்பாளன் ஆனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் சோபாவில் அவர்கள் இரண்டு பேரும், தரையில் நானும். நடிகர்கள் மூச்சுவிடாமல் பேசுவார்கள், நான் அதைச் சுருட்டித் தமிழில் தருவேன். நான் சொல்லி அவர்கள் சிரிப்பதற்குள் அடுத்த ஜோக் ஓடிப்போயிருக்கும். எங்கள் வீட்டுச் சிரிப்பு எப்போதும் ஒரு ஜோக் தாமதம்.

கேசட் வருவது ஒரு தமிழ்க் கடையிலிருந்து. பருப்பு, மிளகாய்த்தூளோடு வாடகைக்கு வீடியோவும் கொடுப்பார்கள். பாதிக்குப் பாதி கள்ளக் காப்பி. அந்த டைரக்டரின் ஊர்வலப் படமும் அப்படி வந்ததுதான். யாரோ டி.வி.யில் போட்டபோது பதிவு செய்தது. திரையில் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை, நடுவில் மட்டும் படம். "கடைக்காரன் அரைவாசிப் படத்தை வெட்டிப்போட்டல்லோ தந்திருக்கிறான்" என்று அண்ணைக்கு எரிச்சல்.

கதை இதுதான். மாப்பிள்ளை கல்யாண மோதிரத்தைத் தொலைத்துவிடுகிறான். அது ஊர்வலத்தில் போகிற பேண்டு வாத்தியக்காரனின் பெரிய குழலுக்குள் விழுந்துவிட்டதாகச் சந்தேகம். குழலுக்குள் தலையை விட்டுத் தேடுவான். தலை மாட்டிக்கொள்ளும். வாத்தியக்காரன் வாசிப்பதை நிறுத்தமாட்டான். இரண்டு பக்கமும் நிற்கிற ஜனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும்.

நான் இங்கே ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன்.

"நிப்பாட்டுங்கோ!"

பரமேஸ் அக்கா எழுந்து நின்றுவிட்டார். நான் பதறிப்போய் ரிமோட்டை அமுக்கினேன். "பின்னால விடுங்கோ... இன்னும்... இன்னும்... நிப்பாட்டுங்கோ. அங்கை பாருங்கோ. ஓரத்தில."

பார்த்தேன். இடது ஓரம். சிரிக்கிற வாய்களுக்கு நடுவே வாயை மூடிக்கொண்டு ஒருவன். வெள்ளைச் சட்டை, மெல்லிய மீசை. ஊர்வலத்தைப் பார்க்கவில்லை, மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராகக் காமிராவைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதாவது எங்களை.

துணை நடிகர்களுக்குச் சொல்கிற முதல் பாடமே காமிராவைப் பார்க்காதே என்பதுதான். அந்த டைரக்டர் படத்தில் இப்படி ஒரு முகம் எப்படித் தப்பியது? எனக்குப் புரியவில்லை.

வீடியோவில் நிறுத்திய படம் நிற்காது என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். துடித்துக்கொண்டே இருக்கும். அவன் கழுத்துக்குக் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு ஓடியது. அந்தத் துடிப்பில் உதடுகள் அசைகிற மாதிரி இருந்தது.

"என்னடா சொல்லுறாய்?" என்றார் அக்கா, டி.வி.யைப் பார்த்து.



சுவரில் சுதனின் போட்டோ இருந்தது. அதையும் இதையும் மாறி மாறிப் பார்த்தேன். அவனாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மீசை வைத்த மெலிந்த பையன்கள் உலகத்தில் எத்தனை லட்சம்? "ஆரோ ஸ்பானிஷ் பொடியன்" என்று சொல்லிவிட்டு அண்ணை எழுந்து தேநீர் போடப் போனார். எப்போதும் அக்காதான் தேநீர் போடுவார்.

அதற்குப் பிறகு அக்காவுக்குக் கதை தேவைப்படவில்லை. அந்த டைரக்டர் படமாகத் தேடித் தேடி எடுத்து வந்தார். ஜோக்குகளை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன். அவர் கண்கள் கதாநாயகனுக்குப் பின்னால் நடந்து போகிறவர்கள் மீதே மேயும். பேய்ப் படத்தில் ஒன்றுமில்லை. சமையல்காரர்கள் படத்தில் ஒன்றுமில்லை. நானும் நிம்மதியானேன்.

அடுத்து லிஃப்ட் படம்.

தீயணைப்பு வண்டிக்காரர்கள் வந்து கதவை உடைக்கிறார்கள். மணப்பெண் கையில் பாதி கேக்கோடு வெளியே விழுகிறாள். ஹோட்டல் வாசலில் கூட்டம் சிரிக்கிறது. இந்த முறை அக்கா கத்தவில்லை. விரலை மட்டும் நீட்டினார். வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், இடது ஓரம். வெள்ளைச் சட்டை. மூடிய வாய். நேரே எங்களைப் பார்க்கிற கண்கள்.

இரண்டு படங்களும் எடுக்கப்பட்டவை வேறு வேறு ஊர்களில். முகம் ஒன்று.

இதற்கு விளக்கம் இல்லாமலா? இருக்கிறது. ஒரே டைரக்டர், ஒரே கம்பெனி, கூட்டத்துக்கு ஆள் பிடித்துத் தருகிற ஏஜெண்ட்டும் ஒருவராகவே இருப்பார். அதே துணை நடிகன் இரண்டிலும் வந்திருப்பான். எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே படத்தைக் கடைசி வரை ஓடவிட்டேன். எழுத்துகள் எல்லாம் ஓடி முடிந்து, கடைசி வரியில் படம் எடுத்த வருஷம் ரோமன் எண்களில் வரும். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விடும். நிறுத்திப் படித்தேன்.

அந்த வருஷம் சுதன் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தான்.

மறுநாள் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது அண்ணையிடம் சொன்னேன். அவர் நடையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. நானும் அந்த நம்பரை வாசிச்சனான். அது அவனில்லை. அவவுக்குச் சொல்லாதையுங்கோ, நானே பார்த்துச் சொல்லுறன்." கொஞ்ச தூரம் போனதும், "விம்பிள்டன் கோயில் ஐயரோட கதைச்சனான்" என்றார்.

உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு ஒரு சடங்கு இருக்கிறது. தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதையே உடலாகப் பாவித்துக் கொளுத்தி, மற்றக் காரியங்களைச் செய்வது. இறந்தவனுக்குக் காரியம் செய்யாவிட்டால் போகவும் முடியாமல் வரவும் முடியாமல் அலைவான் என்றாராம் ஐயர். கணக்கு வாத்தியார் அதைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு வருஷம், ஒரு போன் இல்லை, ஒரு ஆள் கண்டதாகச் சொல்லவில்லை. விடை அவருக்கு வந்துவிட்டது.

நான் அண்ணையிடம் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஊர்வலப் படத்தின் வருஷத்தையும் படித்திருந்தேன். அது இன்னும் பழையது. இரண்டு படங்களுக்கும் நடுவே நல்ல இடைவெளி. இரண்டிலும் நடித்த கதாநாயகனுக்கே அதற்குள் தலை நரைத்து, தொப்பை போட்டுவிட்டது. ஓரத்தில் நின்றவனுக்கு மட்டும் ஒரு நாள்கூட வயது ஏறவில்லை. இதை யாரிடம் சொல்வது?

காரியம் என்ற பேச்சை எடுத்ததுமே வீட்டில் பிரளயம்.

"செய்துபோட்டு, பிறகு அவன் வந்து பெல்லை அடிச்சா?" என்று கேட்டார் அக்கா. "நான் என்ன முகத்தோட கதவைத் திறக்கிறது? உனக்குக் கொள்ளி வைச்சாச்சு, போடா எண்டு சொல்லுறதே?"

"அவன் அலையிறான் பரமேஸ்."

"அலையேல்லை. நிக்கிறான். அங்கை நிக்கிறான், நான் பார்க்கிறன். உங்கட கண்ணுக்குத் தெரியாட்டி நான் என்ன செய்ய?"

அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவர்கள் இருவருக்கும் நடுவே என் வழியாகத்தான் பேச்சு நடந்தது. தம்பி, சாப்பாடு போட்டாச்சு எண்டு சொல்லுங்கோ. தம்பி, எனக்குப் பசியில்லை எண்டு சொல்லுங்கோ. ஒரே அறையில், ஒரே மொழி பேசுகிற இருவருக்கு மொழிபெயர்ப்பாளனாக நான்.

ஒரு நாள் காய்ச்சல் என்று ஆபீசிலிருந்து மத்தியானமே திரும்பிவிட்டேன். கதவைத் திறந்ததும் முன்னறையிலிருந்து பெரும் சிரிப்புச் சத்தம். நூறு பேர் சேர்ந்து சிரிக்கிற சிரிப்பு. சட்டென்று அறுந்தது. அமைதி. மறுபடி அதே சிரிப்பு. அதே இடத்தில் அறுந்தது. மறுபடி...

எட்டிப் பார்த்தேன். திரைச்சீலையை இழுத்து மூடிவிட்டு, பரமேஸ் அக்கா டி.வி.க்கு ஒரு முழ தூரத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கையில் ரிமோட். ஊர்வலக் காட்சி. ஓடவிடுவார், நிறுத்துவார், பார்ப்பார், பின்னால் விடுவார். அந்தக் கேசட்டைக் கடைக்காரரிடம் விலைக்கே வாங்கிவிட்டார் என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் வந்ததையே அவர் கவனிக்கவில்லை. மாடிக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்தேன். தூங்கிப்போகிற வரைக்கும் கீழே அந்தத் தெரு சிரித்துக்கொண்டிருந்தது.

சில வாரங்கள் கழிந்தன. ஒரு நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இவன் மங்கிக்கொண்டு போறான்."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். மாப்பிள்ளை பளிச்சென்று இருந்தான். குழல் பளபளத்தது. அந்த ஓரத்து முகத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் மொய்த்திருந்தன. கண்கள் இருந்த இடத்தில் கண்கள் இல்லை.

அதற்கும் விளக்கம் உண்டு. ஒரே இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தால், மெஷினுக்குள் சுழல்கிற உருளை அந்த இடத்து டேப்பையே தேய்த்துக்கொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் பழுதாகும். முகம் மட்டும் ஏன் முதலில் போனது என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.

"நிறுத்தி நிறுத்திப் பார்த்ததுல தேஞ்சுபோச்சுக்கா."

"பார்த்தாத் தேயுமோ?"

"ஆமாக்கா."

அக்கா ரிமோட்டைக் கீழே வைத்தார். "பார்க்காம எப்பிடித் தம்பி இருக்கிறது?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணை இதைக் கேட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு மனைவியிடம் நேரடியாகப் பேசினார். "கோயில்ல பூக்கட்டிப் பார்ப்பம் பரமேஸ். எது வந்தாலும் நான் கட்டுப்படுறன்."

சிவப்புப் பூவும் வெள்ளைப் பூவும் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து, சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வருகிற பூவை வைத்து முடிவு. கல்யாணத்துக்கும் பார்ப்பார்கள், ஆபரேஷனுக்கும் பார்ப்பார்கள்.

"பூ வேண்டாம்" என்றார் அக்கா. "சாமிக்கு ஆரிலும் இரக்கம் வந்தா மாத்திக் குடுத்துவிடும். படம் மாறாது. தம்பி, நீங்கள் கடையில ஒறிஜினல் கேசட் ஒண்டு வாங்கிக்கொண்டு வாங்கோ. அதில அவன் நிண்டானெண்டா, இனி இந்த வீட்டில காரியம் எண்ட கதை இருக்கக்கூடாது. நிக்காட்டி..." நிறுத்தினார். விமானம் ஒன்று போனது. "நிக்காட்டி, ஐயரைக் கூப்பிடுங்கோ."

பூக்கட்டிப் பார்ப்பதற்குப் பதில் கேசட் கட்டிப் பார்ப்பது! உலகத்தில் வேறு எந்த ஜாதி ஜனத்துக்கு இந்த யோசனை வரும்? சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

வாங்கி வந்தேன். கடைத்தெருவின் பெரிய கடையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத புத்தம் புது ஒரிஜினல். நவம்பர் மாத ஞாயிற்றுக்கிழமை. மூன்றரை மணிக்கே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. அக்கா தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, கோயிலுக்குப் போகிற சேலை கட்டி வந்து உட்கார்ந்தார். அண்ணையும் திருநீறு பூசியிருந்தார். நகைச்சுவைப் படம் பார்ப்பதற்கு!

படம் தொடங்கியது. கறுப்புப் பட்டை இல்லை. திரை நிறைய, விளிம்பு வரைக்கும் படம்.

"பாத்தியளே?" என்றார் அண்ணை. "ஒறிஜினல் எண்டா ஒறிஜினல்தான். முழுசாத் தெரியுது."



முழுசு இல்லை, ஐயா. அதுதான் முழுசு இல்லை. தியேட்டருக்கு எடுக்கிற படம் அகலமானது. அந்தக் காலத்து டி.வி. பெட்டியோ கிட்டத்தட்டச் சதுரம். அகலமான படத்தை அப்படியே காட்டினால் மேலும் கீழும் கறுப்பு விழும். கறுப்பு விழுந்தால் காசு கொடுத்து வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்கள். ஆகவே கேசட் போடுகிறவர்கள் படத்தைப் பெரிதாக்கி, இரண்டு ஓரங்களையும் வெட்டிவிடுவார்கள். இதை நான் எங்கேயோ படித்திருக்கிறேன். கடையில் கேசட்டைக் கையில் எடுத்தபோது ஞாபகம் வரவில்லை. எங்கள் கள்ளக் காப்பிதான் முழுப் படம். அவன் நின்றது இடது ஓரத்தில்.

அவன் வரமாட்டான்.

ஊர்வலத்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. நான் மட்டும் விடை தெரிந்து உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தப் பரீட்சை செல்லாது. அக்கா மறுபடி பழைய கேசட்டுக்குப் போவார், அது மொத்தமாக வெள்ளையாகும் வரை பார்ப்பார். சொல்லாவிட்டால்? ஒரு கம்பெனிக்காரன் ஓரத்தை வெட்டியதற்காக, எங்கேயோ உயிரோடு இருக்கக்கூடிய ஒரு பையனுக்கு இந்த வீட்டில் கொள்ளி வைப்பார்கள். எது பாவம்?

என் வாய் பழக்கதோஷத்தில் கதை சொல்லிக்கொண்டிருந்தது. "இப்போ மாப்பிள்ளை என்ன சொல்றான்னா..."

"கதை வேண்டாம் தம்பி" என்றார் அக்கா.

பேண்டு வாத்தியம் கேட்டது. தெரு வந்தது. "அக்கா, ஒரு நிமிஷம்... இந்தக் காப்பியில..." என்று ஆரம்பித்தேன். அவர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார். மாப்பிள்ளையின் தலை குழலுக்குள் போனது. ஜனம் சிரித்தது.

இடது ஓரத்தில் ஒரு தடித்த பெண்மணி நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் டி.வி.யின் மரச்சட்டம்தான். அவளுக்கும் சட்டத்துக்கும் நடுவில் விரற்கடை அளவுக்கு ஏதோ வெள்ளையாக ஒன்று. ஒரு நொடிதான் இருந்தது, போய்விட்டது.

அக்கா பின்னால் விடவில்லை. நிறுத்தவும் இல்லை. படத்தை ஓடவிட்டு, மடியில் கைகளைக் கோத்துக்கொண்டார்.

"இல்லை" என்றார். குரலில் அழுகையே இல்லை. "அவன் இல்லை. நீங்கள் ஐயரிட்டைச் சொல்லுங்கோ."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கேட்டது நடந்துவிட்டது. அவர் போட்ட கணக்குக்கு விடை சரியாகிவிட்டது. ஆனால் அவர் சோபாவின் நுனிக்கு வந்து, டி.வி.யையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால விடு" என்றார்.

"என்ன?"

"கொஞ்சம் பின்னால விடு, பரமேஸ்."

அக்கா விட்டார். குழல், தலை, சிரிப்பு. தடித்த பெண்மணி. "நிப்பாட்டு." நின்றது, துடித்தது. அண்ணை எழுந்து போய், டி.வி.யின் முன்னால் முழங்காலிட்டு, அந்த வெள்ளைத் துண்டின் மேல் விரலை வைத்தார்.

"அது அவன்ர தோள்."

ரோமன் எண்ணைத் தானே படித்துத் தெரிந்துகொண்டவர். அவனில்லை என்று எனக்கே சொன்னவர்.

"அண்ணே, அந்த வருஷம் அவன்..."

"தெரியும் தம்பி, தெரியும். எனக்குக் கணக்குச் சொல்லித்தராதையுங்கோ." விரலை எடுக்கவில்லை. "அவன் ஓ.எல். சோதினைக்குப் படிக்கேக்கையிருந்து என்னைச் சைக்கிள்ல ஏத்திக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில இறக்குறவன். ஒவ்வொரு நாளும் அவன்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு பின்னால இருந்து போனனான். முகத்தில நான் ஏமாறலாம். தோளில ஏமாறமாட்டன். வெட்டிப்போட்டாங்கள்... அவனை வெளியில விட்டு வெட்டிப்போட்டாங்கள்..."

பிறகு அவர் அழுதார். இரண்டு வருஷம் மனைவி அழும்போதெல்லாம் ஆறுதல் சொல்லி, அழுகைப் படத்துக்குத் தடை போட்டு, ஒரு நாள் தவறாமல் ஷிப்டுக்குப் போய் வந்த மனிதர். அந்த அழுகையை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. மனிதக் குரலாகவே இல்லை அது. எனக்கு அந்த அறையிலிருந்து ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

"நான் செய்யமாட்டன், பரமேஸ். நிக்கிற பிள்ளைக்கு நான் புல்லைக் கொளுத்தமாட்டன்."

அக்கா அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அக்கா முகத்தில் ஒரு மாதிரியான சோர்வு தெரிந்தது. அந்த 'இல்லை' என்ற ஒரு வார்த்தையைச் சொல்வதற்கு அவருக்கு இரண்டு வருஷம் ஆகியிருக்கிறது. இப்போதுதான் சொல்லி முடித்தார். அதற்குள் அண்ணை ஆரம்பித்துவிட்டார். இனி அவர் என்ன சொல்லி இவரைத் திருப்புவது?

புருஷனுக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னால் விட்டார். அவருக்காக. தோள் வந்ததும் நிறுத்தினார். மறுபடி விட்டார். மறுபடி நிறுத்தினார்.

அழுகை கூடிக்கொண்டே போனது.

"தம்பி" என்றார் அக்கா, திரும்பாமல். "சத்தத்தைக் கூட்டிவிடுங்கோ. சுவர் மெல்லிசு, வெளியில கேக்கும்."

கூட்டினேன். தெருவே அதிர்கிற மாதிரி ஜனம் சிரித்தது. பின்னால் போனது. மறுபடி சிரித்தது. வெளியே நன்றாக இருட்டிய பிறகும் யாரும் விளக்கைப் போடவில்லை.

காரியம் நடக்கவில்லை. நான் அந்த வீட்டைக் காலி செய்து கிளம்பும் வரைக்கும் நடக்கவில்லை. பெல் அடித்ததும் இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது, பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி பால் புட்டிகளை எடுக்க வெளியே வந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்துபோய், நேற்று உங்கள் வீட்டில் ஒரே கொண்டாட்டம் போலிருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்புச் சத்தம், கேட்கவே சந்தோஷமாக இருந்தது என்றார்.

"ஆமாம்" என்றேன். "ரொம்ப நல்ல காமெடிப் படம்."